பிரேக் அக்காவின் இமை

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பழக வந்தவர்கள் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்ட, பக்கத்து இருக்கையில் அவள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. யாராவது கம்பத்தைப் பார்த்தோ லாரியைப் பார்த்தோ காரை விட்டால், பேசுகிற பேச்சை நிறுத்தாமலே ஒரு மிதி மிதிப்பாள். திட்ட மாட்டாள். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் அவள்தான் வேண்டும் என்று கேட்டுச் சேர்வார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் அவளுடைய மேல் இமைகள் தளர்ந்து தொங்க ஆரம்பித்தன. சின்ன வயதிலிருந்தே கனத்த இமைகள்தான். அப்போது அதற்கு ஒரு களை இருந்தது. இப்போது என்ன செய்தாலும் நாலு ராத்திரி தூங்காதவள் போலவே தெரிந்தாள். "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப் போனது. கடைசியில் ஒரு பெண்ணின் அப்பா முதலாளியிடம் வந்து, "உங்க டீச்சர் வண்டியில தூங்கிக்கிட்டே வர்றாங்க" என்று புகார் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி சிரித்துக்கொண்டேதான் அவளிடம் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

கண் மருத்துவமனையில் இமை அறுவை செய்யும் டாக்டரம்மா, சோதித்துப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். "உங்க பார்வையை இது மறைக்கல. அழகுக்காகத்தான் பண்ணிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன் டாக்டர்."

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் அரைகுறை வெளிச்சத்தில் தொங்கி வேலை பார்க்கிற மனிதர், ஊசி என்றால் நடுங்குவார். "இத்தனை வருஷம் பாதிக் கண்ணால பாத்துத்தான் என்னோட குடும்பம் நடத்தினே. முழுக் கண்ணையும் திறந்து பாத்தா என் கதி என்ன ஆகறது?" என்றார். பிறகு, "உனக்கு வேணும்னா பண்ணிக்க. நான் கூட வர்றேன்" என்றார்.

மகளிடம் சொல்லவில்லை. மகள் வேறு ஊரில் தனியாக இருந்து வேலை பார்க்கிறாள். இந்த வயதில் அம்மாவுக்கு என்ன மினுக்கு என்று சிரிப்பாளோ என்ற கூச்சம். கண்ணில் கட்டி என்று சொல்லி, வீடியோவை அணைத்துவிட்டே பேசினாள். அலுவலகத்திலும் அதே கட்டிதான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்களைச் சுற்றி கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி வடிந்தது. தையல் பிரித்தார்கள். ஒரு கண் அப்படியே மடிப்புக்குள் கோடு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கண்தான் மக்கர் செய்தது. ஓட்டுகிறவர் பக்கம் இருக்கும் கண். அதன் வெளி ஓரத்தில் தழும்பு சிவந்து, தடித்து, நூலை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் புடைத்துக்கொண்டது. தொட்டால் கெட்டியாக இருந்தது. அரித்தது.

அவள் கண்ணாடியும் கையுமாக ஆனாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, குளியலறை விளக்கில் ஒரு தடவை. போனில் தேடப்போய், கண்டவர்கள் போட்ட படங்களையெல்லாம் பார்த்துப் பயந்தாள். எதிர்வீட்டுக்காரி கொடுத்த ஏதோ ஒரு கிரீமை நன்றாக அழுத்தித் தேய்த்தாள். மறுநாள் இமை எரிந்து இன்னும் சிவந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. டாக்டரம்மாவிடம் போனால் திட்டுவார் என்று அதையும் தள்ளிப்போட்டாள். பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

அப்போது அவளிடம் பழகிக்கொண்டிருந்தவர் ஒரு ஹோட்டல் சமையல்காரர். ஆள் வாட்டசாட்டம், ஆனால் ஹார்ன் சத்தம் கேட்டாலே கண்ணை மூடுகிறவர். ஒருநாள் பின்பக்கமாக வண்டியை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும்போது, பின்னால் திரும்பிப் பார்ப்பதற்காக அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். சமையல்காரர் சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் விட்டார். அவள் பிரேக்கை மிதித்தாள்.

"அண்ணே, இடிக்கப் போறது சுவர்ல. என் மூஞ்சில இல்ல."

அவர் வண்டியை அணைத்துவிட்டார். "அக்கா, யாருக்கா அடிச்சது?"

"யாரும் அடிக்கல. கட்டி."

"எல்லாப் பொம்பளைங்களும் இப்படித்தான் சொல்றாங்க. என் தங்கச்சியும் விழுந்துட்டேன், விழுந்துட்டேன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தா."

அழகுக்காக அறுத்துக்கொண்டேன் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சமையல்காரர் அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டார். அவள் கணவர் எப்போதும்போல் அவளை அழைத்துப்போக வந்தபோது, வழக்கமாகத் தேநீர் கொடுக்கும் அலுவலகப் பெண் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். சமையல்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று முறைத்தார். "என்னடி இது, நான் என்னமோ திருடிட்டு வந்தவன் மாதிரி பாக்கறாங்க?" என்றார் கணவர், வழியெல்லாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அலுவலகப் பெண் அதோடு நிற்கவில்லை. நல்ல மனதோடுதான், அவசரத்துக்குக் கொடுத்து வைத்திருந்த எண்ணைப் பார்த்து மகளுக்கு போன் செய்துவிட்டாள்.

மறுநாள் காலை, தோளில் பையோடு மகள் வந்து நின்றாள். அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மாவை அடிச்சீங்களா?"

அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. துணியைக் கீழே வைத்தார். முந்தைய நாளின் பார்வைகளுக்கெல்லாம் அப்போதுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "வந்து சொல்லும்மா. இது நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார்.

அவள் ஓடி வந்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லாத முகத்தை மகளுக்கு நேராகக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னாள். புகார் சொன்னவர், டாக்டரம்மா, தையல், கிரீம், பொய். கணவரைப் பார்த்து, "என்னை மன்னிச்சுடுங்க. என் வெட்கத்துக்கு உங்களைப் பலி குடுத்துட்டேன்" என்றாள்.

"பரவால்ல விடு. அந்தச் சமையல்காரர் என்னைத் தூக்கிப் போட்டு வதக்காம விட்டாரே" என்றார் அவர்.

மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்ததுலேர்ந்து எல்லாரும் எனக்கு அம்மா கண்ணு, அம்மா கண்ணுன்னுதான் சொல்றாங்க. இதே இமைதான் எனக்கும் இருக்கு. உனக்கு இது பிடிக்காமதான் இருந்துச்சாம்மா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. சிரிப்பாளா, திட்டுவாளா என்றுதான் பயந்தாள்.

"உன் கண்ணைப் பாத்து ஒரு நாளும் அப்படி நினைச்சதில்லடி."

"அப்ப உன் கண்ணை மட்டும் ஏன்?"

அவள் யோசித்தாள். "எனக்கு அலுப்பா இருந்துச்சு. நல்லாத் தூங்கி எழுந்து, சந்தோஷமா வேலைக்குப் போனாலும், ஏன் வாடிக் கிடக்கேன்னு கேக்கறாங்க. உள்ள இருக்கறது வெளிய தெரியணும்னு ஆசையா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மகள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "சரி, கிளம்பு. முதல்ல டாக்டர்கிட்ட போலாம். அது என்ன அப்படிச் சிவந்து கிடக்கு?"

டாக்டரம்மா கிரீம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டத்தான் செய்தார். பிறகு விளக்கைத் திருப்பி, தழும்பை விரல் நுனியால் மெல்ல நகர்த்திப் பார்த்தார். "பயப்படாதீங்க. சில பேருக்குத் தழும்பு முதல்ல இப்படி முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும், அப்புறம் தானே இறங்கும். ஆனா மாசக்கணக்காகும். நீங்க தினமும் கண்ணாடியில போய் அதட்டினா அது கேக்காது." தடிப்பு அடங்க அந்த இடத்தில் ஒரு சின்ன ஊசி போட்டார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வெளியே நின்றிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் மகள் கேட்டாள். "டாக்டர், எனக்கும் இதே இமைதானே. நானும் பண்ணிக்கணுமா?"

"வேண்டாம்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

டாக்டரம்மா சிரித்தார். "உங்களுக்கு இமையோட அமைப்பே அப்படி. அம்மாவுக்கு வயசுல தோல் தளர்ந்து தொங்கிடுச்சு. ரெண்டும் வேற. உங்களுக்கும் ஒருநாள் தளரலாம். அன்னிக்கு உங்களுக்கு வேணும்னு பட்டா வாங்க, இல்லன்னா விடுங்க. ஒரு தப்பும் இல்ல."

மகள் ஒரு வாரம் தங்கினாள். டாக்டரம்மா கொடுத்த ஜெல்லைத் தடவி, தழும்பை லேசாக நீவிவிட வேண்டும். முதல் நாள் அம்மா தானே செய்தாள். மகள் தடுத்தாள். "மெதுவாம்மா, இது பிரேக் இல்ல." பிறகு தன் விரலால் அவளே நீவிவிட்டாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். மூடிய கண்களோடு பேசும்போது இருவருக்கும் பேச்சு சுலபமாக வந்தது. பள்ளியில் பிள்ளைகள் தன்னைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டதை மகள் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றாள் அம்மா. "உன் கண்ணுன்னு தெரியும். உனக்கு வலிக்கும்னு சொல்லல."

அம்மா மகளின் விரலை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவள் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அலுவலகப் பெண் மட்டும் பக்கத்தில் வந்து, "எவ்வளவு நாள்ல வேலைக்கு வரலாம்க்கா?" என்று ரகசியமாக விசாரித்தாள். சமையல்காரர் அன்று மாலையே அவள் கணவரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிடித்த பிடியில் கணவருக்கு விரல் நசுங்கியது.

தழும்பு அவசரப்படவில்லை. முதலில் அரிப்பு நின்றது. பிறகு சிவப்பு வெளுத்து ரோஜா நிறமானது. ஒருநாள் காரில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான், கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது அவளுக்குத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அவள் முகத்தை ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. அவன் கவலையெல்லாம் கியரில் இருந்தது. கண்ணை மூடினால் வெளி ஓரத்தில் வெளிர்க்கோடு ஒன்றும் அதன் நுனியில் கடுகளவு மேடும் இன்னும் தெரியும். அந்த மேடு அப்படியே இருந்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகள் ஊருக்குப் போன பிறகு வீடியோவில் பேசும்போதெல்லாம், எடுத்ததும், "கண்ணை மூடு, பாக்கறேன்" என்பாள். பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் மதியம் முழுக்கப் பேசினார்கள். மகளின் புது வாடகை வீடு, மாடி ஜன்னல், கூட வேலை பார்க்கும் ஒரு பையனைப் பற்றி அவள் சொல்லாமல் சொன்ன சேதி. அம்மா கிண்டல் செய்ய, மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது, இன்று இருவருமே கண்ணைப் பற்றிப் பேசவில்லை.