வீம்புக்கு உதாரணம்: ஜேபஸ் த்வெய்ட்

பள்ளி ஆசிரியர் எட்மண்ட் பிளைத்துக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பிடிவாதக்காரர்களைத் திட்ட யார்க்‌ஷயர் மலைச்சனம் வைத்திருந்த பழைய சொற்களைச் சீட்டுகளில் எழுதிச் சேர்ப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, சொன்னவர் வாயிலிருந்து வந்தபடியே ஓர் உதாரணம். த்ரான், ஃப்ரோவர்ட் என்று பதினோரு சீட்டு சேர்ந்தது. பதினொன்றிலும் உதாரணம் ஒரே ஆள், ஆட்டுப்பண்ணைக்காரர் ஜேபஸ் த்வெய்ட். ஊரைக் குறை சொல்வதற்கில்லை, மனுஷர் அப்படி.

அவருடைய ஒரே மகள் கெசையாவுக்கும் பிளைத்துக்கும்தான் கல்யாணம் பேசியிருந்தது. சீட்டுகளை அப்பா கண்ணில் காட்டாதீர்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தப் புத்திசாலி அவற்றை அவர்கள் வீட்டுத் தேநீர் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். ஜேபஸ் ஒன்று விடாமல் படித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் கல்யாண அறிவிப்பை மூன்றாவது, கடைசி முறையாக வாசிக்கும்போது எழுந்து நின்று மறுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். கெசையாவுக்கு இருபத்தொன்று நிறைய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்த வயதுக்குள் தகப்பன் எழுந்து மறுத்தால் கல்யாணம் அதோடு நின்றுபோகும்.

இரண்டு நாள் அழுது பார்த்தாள். கெஞ்சக் கெஞ்ச அவர் இறுகினார். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அப்பா நிச்சயம் எழுந்து நிற்பார், தவறாமல் வந்து பாருங்கள் என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அழைத்தாள். ஊருக்குக் கேட்கவா வேண்டும்? கொல்லர் ஜேபஸை வழியிலேயே மடக்கினார்.

"நல்லா நிமிர்ந்து நில்லுங்க ஜேபஸ், பின்வரிசைக்கும் தெரியணும்ல."

ஞாயிறன்று கோயிலில் இடமில்லை. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். தன் கல்யாண அறிவிப்பைத் தானே கேட்கும் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். அதனால் கெசையா வெளியே மதில்மேல் உட்கார்ந்திருந்தாள். பாட்டுச் சத்தம் ஓய்ந்தது. மறுபடி பாட்டு எழுந்தது; அப்பா எழுந்தாரா என்பது மட்டும் தெரியவில்லை.

கடைசியில் சனம் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தது. நடந்ததைக் கொல்லர் மனைவிதான் சொன்னாள். அறிவிப்பை வாசித்ததும் கோயிலே ஜேபஸ் பக்கம் திரும்பியதாம். அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அழுத்தமாக உட்கார்ந்தே இருந்தாராம். அதற்குப் பிறகு பாட்டுக்கு ஊரே எழுந்தபோதும் அசையவில்லையாம். பாதிரியார் முறைத்தும் பலிக்கவில்லை.

ஜேபஸ் கடைசியாக வந்தார். மகள் எதிரில் நின்றார்.

"ஊரைக் கூட்டினது நீதானே?"

"ஆமாப்பா."

இனி வசவுதான் என்று அவள் தலைகுனிந்தாள். அவர் கூட்டத்தோடு வெளியே வந்து நின்ற பிளைத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சீட்டு வச்சிருக்கீங்களா மாப்ளே? ஓவர்த்வார்ட்னு எழுதுங்க. குறுக்க போற ஜென்மம்னு அர்த்தம். இவ அம்மா என்னைத் திட்டின வார்த்தை. அவ போனப்புறம் அதைச் சொல்ல ஆளில்ல." மகளைக் காட்டினார். "உதாரணத்துக்கு என் பேரப் போட்டீங்க, நடக்கறதே வேற. இவ பேரப் போடுங்க."

மாப்ளே என்ற சொல்லிலேயே தடுமாறிப்போன பிளைத் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கெசையாதான் பென்சிலை வாங்கித் தன் பெயரை எழுதினாள்.