ஆறடிக் கண்ணாடித் தொட்டி

நான்கு பேர் தூக்கிவந்த கண்ணாடித் தொட்டி வாசல் நிலைக்குள் நுழையாமல் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று அவளுக்கு உறைத்தது. உள்ளே ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். “எங்கக்கா வைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க, கை விட்டுப்போகுது” என்றான் முன்னால் பிடித்திருந்தவன். அவள் திரும்பிக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். தொட்டிக்குச் சொல்லிவைத்தவர் அவர்தான். அப்போது அவருக்குக் கைகால் நன்றாக இருந்தது. பேச்சும் இருந்தது.

“ஏங்க, தொட்டி வந்திருக்கு. உள்ள கொண்டுவரச் சொல்லவா?”

“வேணாம்” என்றார். சொன்ன கையோடு, இடது கையை நீட்டிச் சன்னலோரச் சுவரைக் காட்டினார். அவரே இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து, பலகை போட்டுச் செய்த மேடை அங்கே நின்றது. இத்தனை நாளும் அதன்மேல் மடிக்காத துணிகள் குவிந்து கிடந்தன. அவள் துணிகளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு, “சாய்ச்சு உள்ள கொண்டு வாங்க” என்றாள். சொல்லும்போதே, அவர் சொன்னதைக் கேட்டோமா, காட்டியதைக் கேட்டோமா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

அவர் லிப்ட் மெக்கானிக். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் ஓரளவுக்கு வந்திருந்தது, வலது கை பாதி வந்திருந்தது. சொற்கள் எல்லாமே வந்திருந்தன, ஆனால் இடம் மாறி. தண்ணீர் வேண்டும் என்றால் “சாவி” என்பார். தம்பியின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமையாக விளக்கினாள்: “மனசுல நினைக்கிறதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. வாய்க்கு வர்ற சொல்லுதான் மாறிடுது. ஆமா, இல்லகூட மாறும். நீங்க முகத்தப் பாத்துப் புரிஞ்சுக்கங்க.” முகத்தில் ஒரு பாதி சிரித்தால் மறுபாதி சும்மா இருந்தது. எந்தப் பாதியை நம்புவது என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில். ஊசி போட்டு மரத்த வாயோடு, பஞ்சைக் கடித்தபடி வருகிறவர்கள் கொழகொழவென்று என்ன சொன்னாலும் அவளுக்குப் புரிந்துவிடும். “அடுத்த வாரம் சாயங்காலமா? சரி, வாங்க” என்பாள். டாக்டரே சிரிப்பார். அந்தக் காதை வைத்துக்கொண்டு வீட்டில் அவள் திக்குத் தெரியாமல் நின்றாள்.

இத்தனைக்கும் இந்தத் தொட்டி எதற்கு என்பதே அவளுக்குத் தெரியாது. அவர் மீன் வளர்த்தவர் இல்லை. கறிவேப்பிலைச் செடிக்குக்கூட ஒருநாள் தண்ணீர் ஊற்றியதில்லை. திடீரென்று கட்டிலுக்கடியில் கருப்பு மண் மூட்டைகள் வந்தன, வேர்க்கட்டை வந்தது, இடுக்கி போல நீண்ட சாமணம் ஒன்று வந்தது. கேட்டதற்கு, “வரட்டும், பாரு” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். தொட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, அண்ணன் முதலைக்கு இடம் பாத்து வச்சிருக்காரா?” என்றான். அவர் சிரித்தார். இரண்டு பாதியும் சிரித்தது போலத்தான் அவளுக்குத் தோன்றியது. அந்தத் தெம்பில் வேலையைத் தொடங்கினார்கள். மண்ணைக் கொட்டி, பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் பரப்பினார்கள். வேர்க்கட்டையைச் சாய்த்து வைத்தார்கள். தொட்டி விற்ற கடைக்காரன், இதில் தண்ணீருக்குள் செடி வளர்ப்பார்கள் என்று சொல்லி, ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த செடிகளை அவள் சாமணத்தால் ஒவ்வொன்றாக நட்டாள். அடியில் ஒரு தட்டை வைத்து, மண் கலங்காமல் அதன்மேல் தண்ணீர் ஊற்றினாள். “மெதுவா அண்ணி, மெதுவா... ஆங், அப்படியே” என்று கொழுந்தன் சொல்லும்போதெல்லாம் அவன் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது. தண்ணீர் ஏற ஏற இலைகள் படுக்கையிலிருந்து எழுந்து நின்றன. அழகாகத்தான் இருந்தது. அவளே ஒரு நிமிடம் மறந்துபோனாள்.

“டீ” என்றார் அவர்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் டீ போட்டு வந்தாள். அவர் தம்ளரைத் தள்ளினார், சட்டையெல்லாம் சிந்தியது. “டீ இல்ல. டீ!” தொட்டியைப் பார்த்தே சொன்னார். லைட்டா? மோட்டாரா? எங்காவது ஒழுகுகிறதா? இடம் மாற்றவேண்டுமா? கொழுந்தன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். எல்லாவற்றுக்கும் “இல்ல.” கடைசியில் “எடு” என்றார். நெற்றி நரம்பு புடைத்தது. “எடு. எடு.”

“காலி பண்ணச் சொல்றாரு அண்ணி” என்றான் கொழுந்தன் தணிந்த குரலில். “அவரு ஆசையா செய்ய நினைச்ச வேலை. நாம பாட்டுக்குச் செஞ்சுட்டோம். வயிறெரியாதா?”

“எடுன்னா வைன்னு அர்த்தமா இருந்தா?”

அவள் கணவரிடம் திரும்பினாள். “என்னதாங்க வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!” வாயை விட்டுப் போன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் அவளையே பார்த்தார். கோபமாகவும் தெரிந்தது, கெஞ்சுவதாகவும் தெரிந்தது. சட்டையிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, கீழே வாளிக்குள் பிடித்தான். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் அவர் எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை. கொழுந்தனின் கால் தரையை அழுத்தியது. மேடையின் விளிம்புவரை காலை இழுத்து இழுத்து வந்தவர், இடது கையால் வலது கையைத் தூக்கி, ஒரு பொருளை இறக்குவதுபோலத் தண்ணீருக்குள் இறக்கினார். விரல்கள் தடுமாறி ஒரு செடியை வளைத்துப் பிடித்தன. செடி பிடுங்கிக்கொண்டு மேலே வந்து மிதந்தது.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டு அதை மறுபடி நட்டாள். அவர் கை அதே இடத்துக்கு வந்தது. செடி மறுபடி மிதந்தது. பிடுங்குகிறாரா, இன்னும் ஆழமாக அழுத்தப் பார்க்கிறாரா? இந்த முறை அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்தாள். அவை குளிர்ந்திருந்தன, ஆனால் அசைந்தன, மண்ணை எங்கோ தள்ளின, அவளும் கூடவே தள்ளினாள். இன்னும் சில செடிகள் கழன்று மேலே வந்தன.

“நாளைக்கு” என்றார் அவர், தெளிவாக.

“நாளைக்கா?”

“இல்ல.” தலையை ஆட்டினார்.

குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு குந்தியிருந்த கொழுந்தன் அண்ணாந்து பார்த்தான். “அண்ணி, விடவா, நிறுத்தவா?”

அவள் தன் விரல்களை அவர் விரல்களின்மேலேயே வைத்திருந்தாள். மண் புகைபோல எழுந்து தண்ணீர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. உள்ளே கைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. மேலே இரண்டு முழங்கைகளும், அவற்றைச் சுற்றி மெல்லச் சுழன்றுகொண்டிருந்த செடிகளும் மட்டும் தெரிந்தன.