பழைய பொட்டிக்குள் ஓர் ஆட்டம்

டிஷ் மாட்டுகிற பரக்கத் அலி புது செட்டாப் பொட்டியை அட்டைப் பெட்டியோடு டீவி மேசை மேல் வைத்துவிட்டு, பழையதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. உள்ளே டிஸ்க் கறகறவென்று சுற்றியது.

"இது ரொம்ப நாள் தாங்காதுக்கா. ஆபர் இன்னியோட முடியுது. பழச நான் கழட்டிக் கொண்டுபோய்க் கம்பெனில குடுத்துரணும். ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், இதுல பதிஞ்சு வச்சிருக்கிறது எதுவும் புதுசுக்கு வராது."

வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே ஆரம்பித்திருப்பேன். காந்தி மார்க்கெட் அரிசி மண்டியில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் வாங்கியது கோயில் பிரசாதம் ஒன்றுதான். அதிலும் அப்பா இன்னொரு கை கேட்பார். மாட்டுகிற கூலியைக் குறைத்து, ரிமோட் இன்னொன்று இனாமாக வாங்கி, போகும்போது பரக்கத் அலி கையாலேயே சமையலறை ஃபேனையும் பார்க்க வைத்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. சரக்கைப் பிடிக்கவில்லை என்றால் பேரம் பேசலாம். சரக்கைப் பார்த்துப் பயம் என்றால் என்ன பேசுவது?

"மாடில டிஷ்ஷத் திருகிட்டு வந்துர்றேன். அதுக்குள்ள சொல்லுங்க," என்று படியேறிப் போனார்.

பயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வீரமலை முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். பெரும்பாலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் போகிற வண்டி. வண்டிக்குள் அறுபது பேர் நின்றாலும், யாருக்கு எந்த ஊர் வரை டிக்கெட் என்று அறுபது முகமும் மனதில் இருக்கும். மண்ணச்சநல்லூர் டிக்கெட்டில் புலிவலம் வரை போகப் பார்த்தவன் ஒருத்தனும் தப்பியதில்லை. அப்படிப்பட்டவர் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கபடி ஃபைனலைப் பொட்டியில் பதிந்து வைத்தார். மஞ்சள் சட்டை நம் பையன்கள், நீலச் சட்டை எதிராளிகள். கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு பாயிண்டில் நம் பக்கம் தோற்றது. எப்போதாவது அதை எடுத்துப் போட்டுப் பார்ப்பார். பிடித்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் இல்லையா, அது மாதிரி என்று விட்டுவிட்டேன். ஆடி மாசத்திலிருந்து தினமும் பார்க்க ஆரம்பித்தார். மனுஷன் ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாமல் இருக்கிறாரே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். லாபம் சும்மா வந்தால் மூட்டையைப் பிரித்துப் பார் என்று அப்பா சொல்வார். நான் பிரிக்கவில்லை.

பிரித்தது கீழ்வீட்டு மகாலட்சுமி. ஒருநாள் படிக்கட்டில் இவர் அவளை நிறுத்தி, நேற்று மேட்ச் பார்த்தாயா, ஒரே பாயிண்டில் போச்சு, ராத்திரி சோறு இறங்கவில்லை என்று வருத்தப்பட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு, அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். "அவருக்கு எப்பவும் தமாஷு," என்றேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த வாரம் சத்திரத்துக்குப் போனவர் திரும்பி வரும்போது எங்கள் ஸ்டாப்பான ராஜகோபுரத்தில் இறங்காமல் திருவானைக்காவலிலேயே இறங்கி, ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றிருந்தார். பரக்கத் அலிதான் பார்த்து ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். "அண்ணன் யாரையோ எதிர்பார்த்து நின்ன மாதிரி இருந்துச்சு," என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷர். கேட்க வேண்டியதைக் கேட்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளூர நடுக்கம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நான் மண்டிக்காரி வேலைதான் பார்க்கிறேன். நல்ல அரிசியை மேலே பரப்புகிற வேலை. ஓசூரில் இருக்கிற மகன் கலையரசன் போன் செய்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைத் திருப்பிவிடுகிறேன். அவர் ஒன்றைத் தேடி முழிக்கும்போது அந்த வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்து, கூடவே நாலு கேலியும் சேர்த்துவிடுகிறேன். மகனுக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், பிறகு ஓசூர். ஓசூரில் அவருக்கு எந்த ஸ்டாப் தெரியும்? அப்பா கபடி விரும்பிப் பார்க்கிறார் என்று நான் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் இந்தப் புதுப் பொட்டிக்கு ஆர்டர் போட்டான். இதில் நிறைய மேட்ச் பதியலாமாம். என் பொய்க்கு வந்த வட்டி.

புதுப் பொட்டி வந்தால் அந்த ஆட்டம் போய்விடும். நாளைக்கு அவர் ரிமோட்டை எடுத்துத் தேடுவார். கிடைக்காமல் பதறினால் என்ன சொல்வேன்? அதையாவது சமாளித்துவிடலாம். தேடவே இல்லை என்றால்? நாலு வருஷமாகப் பார்த்த ஆட்டம் ஒன்று இருந்ததே அவருக்கு நினைவில்லை என்றால்? சரி, பழையதே இருக்கட்டும் என்று வைத்தால், இப்போதே கறகறக்கிறது. தினம் ஒரு தடவை அவர் அதே பாயிண்டில் தோற்று, தொடையில் அடித்துக்கொண்டு, "போச்சே" என்று என்னைப் பார்ப்பதையும் நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்பா கடையில் குத்தூசி ஒன்று உண்டு. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற அரிசி ஒரு பிடி வெளியே வரும். சரக்கு எடுக்கும் முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் குத்துவார். நம் குடோனுக்குள் வந்துவிட்டால் யாரையும் தொட விடமாட்டார். "வந்த மூட்டையக் குத்துனா ஓட்டைதான் மிச்சம்" என்பார். முப்பத்து நாலு வருஷம் முன்னால் தாலியோடு வந்த மூட்டை இது. எனக்குக் கை பரபரத்தது.

என் வீட்டுக்காரர் பின்னறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். மாடியில் சத்தம் கேட்டு நிமிர்ந்து, "பாய் வந்திருக்காரா?" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆமாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார். விரல்கள் பார்க்காமலே போய் அந்த ஆட்டத்தைத் திறந்தன. விசில். மஞ்சள் சட்டைகள் வரிசையாக மண்ணைத் தொட்டுக் கும்பிட்டன. ஆட்டத்தை வேகமாக ஓட்டிக்கொண்டே வந்து கடைசி ஐந்து நிமிஷத்தில் விட்டார். அதுவே எனக்குப் புதிராக இருந்தது. தெரிந்தவன்தானே ஓட்டுவான்? இல்லை, கை தானாகச் செய்கிற பழக்கமா?

"ஏங்க, ஒரு பந்தயம்," என்றேன். குரல் சந்தையில் பேசுகிற குரலாகவே வந்தது, அந்த மட்டில் சந்தோஷம். "யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்லுங்க. தோத்தவங்க காபி போடணும்."

அவர் பந்தயத்தில் தோற்றுப் பார்த்ததில்லை. டிப்போவில் டிரைவர்களிடம் பந்தயம் கட்டியே வருஷம் முழுக்க டீ குடித்தவர். தெரிந்தால் நீலத்தைச் சொல்லுவார்.

டீவியை விட்டு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சில்லறை இல்லாதவன் நூறு ரூபாயை நீட்டினால் ஒரு பார்வை பார்ப்பாரே, அது.

"மஞ்சத்தான்," என்றார்.

நான் நீலம் என்று சொல்லக்கூட வாயெடுக்கவில்லை, அவர் எழுந்துவிட்டார்.

"நீ உக்காரு. உனக்கு முட்டி வலி. காபிய நான் போட்டுர்றேன்."

"இன்னும் மேட்ச் முடியலைங்களே."

அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம்? தோற்கப்போவது தெரிந்துதான் காபியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டாரா? இல்லை, ஆட்டம் ஓடுவதே அதற்குள் மறந்துவிட்டதா? ஐப்பசியில் ஒருநாள் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டு, பாத்திரம் கரியானது ஞாபகம் வந்தது. நான் ரிமோட்டை அமுக்கி ஆட்டத்தை நிறுத்தினேன். காது சமையலறையில் இருந்தது.

லைட்டர் தட்டுகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. பற்றுகிற சத்தம் வரவில்லை. கேஸைத் திறந்துவிட்டுத் தட்டுகிறாரா, திறக்காமலே தட்டுகிறாரா? எழுந்து போனால் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். நான்கு. ஐந்து. மூக்கை இழுத்து மோப்பம் பிடித்தேன். ஆறாவது தட்டில் குப்பென்று பற்றியது.

பரக்கத் அலி மாடியிலிருந்து இறங்கி வந்து, கைகளைத் துணியில் துடைத்தபடி வாசலில் நின்றார். "டிஷ் சரியா இருக்குக்கா. என்ன பண்ணலாம், மாட்டிரவா?"

"இருங்க பாய். காபி குடிச்சிட்டுப் பேசலாம்."

சமையலறையிலிருந்து அவர் வந்தார். தட்டில் மூன்று டம்ளர். மூன்று. எனக்குச் சர்க்கரை இல்லாதது, பரக்கத் அலிக்குத் தூக்கலாக. ஒன்றும் தப்பில்லை. அப்போதுதான் அவர் திரையைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்தி வச்சிருக்க?" நாற்காலி நுனியில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போடு. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

பரக்கத் அலி என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, புதுப் பொட்டியைக் காலருகே நகர்த்திவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "போடுங்கக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "நானும் இத பாத்ததில்ல."

திரையில் மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன் மண்ணில் குப்புற விழுந்து, கால்களில் நாலு நீலச் சட்டைகள் தொங்க, நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டிக் கிடந்தான். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம். பொட்டி கறகறத்தது. மூன்று டம்ளரிலும் ஆடை படிந்துகொண்டிருந்தது. என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது.