சங்கரபாண்டி சாரின் குரலை இறக்கி வைத்தவர்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. புளியங்குடி பஸ்ஸில் ரிஸானா போனில் யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒட்டுக்கேட்டேன். சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆன்லைன் பாட மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள். ஆசிரியர்களைப் புதியதற்குப் பழக்குவது அவள் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “தொழில்நுட்பத்தின் வாசலில் தயங்கி நின்ற ஒரு தலைமுறை…”

(அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டி வாடை.)

2

பொருளாதாரப் பேராசிரியர் சங்கரபாண்டியைக் கோமாளியாக்கத்தான் நினைத்திருந்தேன். பாஸ்வேர்டை மறப்பார், மவுஸைத் தலைகீழாகப் பிடிப்பார், நீங்கள் சிரிப்பீர்கள். ரிஸானா கெடுத்துவிட்டாள்.

“அண்ணாச்சி, அவுகளுக்குத் தொண்டையில ஆபரேஷன். வெறும் காத்துதான் வருது. முன்னாடி பதிஞ்சு வச்ச பாடத்தைப் போட்டுத்தான் கிளாஸ் எடுக்காக.”

பழைய மென்பொருளில் இருந்த ஒலிப்பதிவுகள் புதியதற்குத் தானாக வராது. பழையதை மூடுமுன் அவரவர் பதிவுகளை டவுன்லோடு செய்து, அதாவது இறக்கி, வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லாரையும் ரிஸானா விரட்டினாள்.

“வச்சிட்டீகளா சார்?”

சார் தலையாட்டினார். அவருக்கு இறக்கத் தெரியாது; கேட்க வெட்கம். பழையதை மூடினார்கள். அதோடு அவர் குரலும்…

[இங்கே உருக்கமாக ஒரு வாக்கியம் வர வேண்டும். வரவில்லை.]

3

எழுதியதை வாசித்துக்காட்டும் இயந்திரக் குரல் ஒன்று புதியதில் உண்டு. ரிஸானா ஆசையாகப் போட்டுக் காட்டினாள். அது ‘விலைவாசி’யை “விலை! வாசி!” என்று அதட்டியது.

“ஏம்மா, இதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்” என்றார் சார், காற்றாக.

ரிஸானா வராந்தாவுக்குப் போய் அழுதாள். (“அழலை. ஏசி காத்து கண்ணுல பட்டுட்டு.”)

பிறகு சாரின் பழைய பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா என்று மாணவர்களிடம் விசாரித்தாள். முதல் பெஞ்சுக்காரர்களிடம் ஒன்றுமில்லை; அவர்கள் வகுப்பிலேயே கேட்டுவிட்டவர்கள். கரிவலம்வந்தநல்லூர் இசக்கித்தாய் வகுப்புக்கு வந்தாலே அதிசயம். அவள்தான் சொன்னாள்:

“எங்கிட்ட கெடக்கு மேடம். கிளாஸைக் கட்டடிச்சிட்டு பஸ்ஸுல சார் பாடத்தைத்தான் கேப்போம். சிக்னல் கெடைக்காதுல்லா, இறக்கி வச்சுக்கிடுவோம்.”

கட்டடித்தவர்கள் அத்தனை பேர் போனிலும் சார் இருந்தார்.

4

ஒரே ஒரு பாடம் மட்டும் யாரிடமும் இல்லை. தலைப்பு: பற்றாக்குறை. (நான் வைத்ததல்ல. வைப்பதாயிருந்தால் இவ்வளவு மலிவாக வைக்க மாட்டேன்.)

முடிவு ஒன்று: சார் அந்தப் பாடத்தையே விட்டுவிடுகிறார். முடிவு இரண்டு: குரல் திரும்புகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். இரண்டாவதை ரிஸானாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?”

நடந்தது இதுதான். சார் மைக்கை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். “எந்தப் பொத்தானை அமுக்கணும்மா?” அவர் அவளிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. காட்டினாள்.

“நீ வெளிய இரு.”

கண்ணாடிக் கதவு வழியாக அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அசைந்தது.

பாடம் புதிய மென்பொருளில் ஏறிவிட்டது. பிள்ளைகள் கேட்டும் விட்டார்கள். சிரித்தார்களா, பாதியில் நிறுத்தினார்களா, ரிஸானா சொல்ல மாட்டேன் என்கிறாள். எனக்கு ஒரு பிரதி கேட்டேன்.

“அந்த வகுப்புல பேரு இருந்தாத்தான் தொறக்கும் அண்ணாச்சி. புதுசுல ரொம்பக் கறார்.”

என் பேர் இல்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் திறந்து கேளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதையும் எழுதித் தொலைப்பேன்.