முள்ளைப் பார்த்து ஓட்டியவர்

கணவனின் மூச்சு சீரானதும் லோரி கட்டிலடியிலிருந்து தையல் இயந்திரத்தை மெல்ல இழுத்தாள். கையால் சுழற்றித் தைக்கிற சின்ன வகைதான். ஆனாலும் வார்ப்பிரும்பு. இடுப்பில் அணைத்துத் தூக்கினால் தூங்குகிற பிள்ளையைப் போலக் கனத்தது. கப்பல் சாய்ந்து நிமிரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று நடந்து நடு அறை மேசைமேல் அதை இறக்கி வைத்தாள். மெய்ரிக் இரவெல்லாம் மேல்தளத்தில் மழையில் நின்றுவிட்டு, விடிந்தபின்தான் படுத்திருந்தான். படுக்கையறையில் இயந்திரத்தை ஓட்டினால் எழுந்துவிடுவான். நடு அறையில் வெளிச்சமும் அதிகம். மேசைக்கு நேர் மேலே கண்ணாடிக் கூரை இருந்தது. அதன் விளிம்பில்தான் சுக்கானியின் திசைகாட்டியைப் பதித்திருந்தார்கள். அதற்கு அடியிலும் கண்ணாடி உண்டு. சாய்மெத்தையில் படுத்தபடியே கேப்டன் தன் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நடுத்தளத்து மேடையில் இன்னொரு பெரிய திசைகாட்டி இருந்தது. ஹார்ன் முனையைச் சுற்றி வந்தபோது ஒரு அலை மேடையோடு சேர்த்து அதைக் கொண்டுபோய்விட்டது. இப்போது 'பென்மோர்வா' என்கிற அந்த இரும்புக் கப்பலுக்கும், அதன் வயிறு நிறைய இருந்த சிலி நாட்டு வெடியுப்புக்கும், அதிலிருந்த எல்லா உயிர்களுக்கும் இந்த ஒரு முள்தான் வழி சொல்லிக்கொண்டிருந்தது.

"கடை திறந்தாச்சா மகளே?" என்று கூரை இடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"மெதுவா, கிட்டோ மாமா. தூங்கறார்."

"அவர் தூங்கினாத்தானே நான் வாயைத் திறக்கலாம். முழிச்சிருந்தா நானும் ஒரு மரக்கட்டை."

சக்கரம் பிடித்திருக்கிற சுக்கானியோடு யாரும் பேசக் கூடாது. அது எல்லாக் கப்பலிலும் சட்டம். கேப்டன் மனைவி கப்பல் ஆட்களோடு பேசுவதும் வழக்கமில்லை. இரண்டு வருஷமாக லோரிக்குப் பேசக் கிடைத்தது கணவனும், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் ஈமிரும், கோழிக்கூண்டும்தான். அதனால் கிட்டோவின் முறை காலையில் வருகிற நாட்களை மட்டும் பார்த்து வைத்திருந்து அவள் தைக்க உட்கார்ந்தாள். நெவின் ஊரில் அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர் அவர். அவள் கைப்பிடியைச் சுழற்ற, அந்தச் சத்தத்துக்குத் தாளம் பிடித்து அவர் மேலே ஊர்த் திருச்சபைப் பாட்டுகளை முணுமுணுப்பார். ராகம் எங்கேயோ போகும். லோரிக்கு அடுப்படி வாசனையே வந்துவிடும்.

"உன் பொண்ணு மாலிக்குக் கவுன் எவ்வளவு உயரம் வெச்சுத் தைக்கிற?"

"தெரியல மாமா. பாட்டி வீட்ல விட்டுட்டு வந்தப்ப என் இடுப்பு உயரம் இருந்தா."

"நெஞ்சு உயரத்துக்கு வை. நம்மூர்ப் புள்ளைங்க மழை குடிச்சே வளருதுங்க. நான்கூட ஒரு காலத்துல மழை மட்டும் குடிச்சிருந்தா இந்நேரம் கேப்டன் ஆயிருப்பேன்."

லோரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிட்டோவின் குடி ஊரறிந்தது. முன்பு ஒரு பயணத்தில் துறைமுகத்திலேயே விழுந்து கிடந்து கப்பலைத் தவறவிட்டவர். அவர் மனைவி ஷான் அவரை இழுத்துப்போய்ச் சபையார் முன்னால், இனித் தொடுவதில்லை என்று சத்தியக் கையெழுத்து வாங்கினாள். பிறகு லோரியின் வாசலுக்கு வந்து நின்றாள். "என் மனுசன ஏத்திக்கச் சொல்லு தாயி. உங்க கண்ணெதிர்ல இருந்தா நான் தூங்குவேன்." லோரி சொன்னதால்தான் மெய்ரிக் அவரை ஏற்றிக்கொண்டான்.

கொஞ்ச நாளாகக் கப்பலில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. வானம் மூடிக் கிடந்தது. சூரியனைப் பார்த்து இடத்தைக் கணக்கிட வழியில்லை. அதில் ஈமிர் ஒன்றைக் கவனித்திருந்தான். கிட்டோவின் காலை முறையில் காற்று தானாகத் திசை மாறுகிறது; ஆள் மாறியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. "காத்து மாறல கேப்டன், கப்பல் மாறுது. கிழவன் சொன்ன திசைய விட்டு ஓட்டறான். நாம கிட்டப் போனா முள்ள நேராக்கிடறான்" என்று சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னபோது லோரிதான் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். மெய்ரிக் கிட்டோவை அழைத்து, "கரை நெருங்குது. காத்தப் பார்த்து ஓட்டாத, வானத்தப் பார்த்து ஓட்டாத. முள்ளப் பார்த்து ஓட்டு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

அன்று காலை, கீழே லோரி தைத்துக்கொண்டிருக்க, அவர் முள்ளைத்தான் பார்த்து ஓட்டினார். கன்னத்தில் காற்று வேறு பக்கமிருந்து அடித்தது. பாய்களின் ஓரம் படபடக்கத் தொடங்கியது. லோரி கைப்பிடியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "என்ன மாமா?" என்றாள். "தெரியல மகளே, ஒரு மாதிரி..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று பாய்களின் முன்பக்கம் புகுந்து அறைந்தது. கப்பல் முழுவதும் குலுங்கியது. மேலே எதுவோ முறிந்து சங்கிலிகளோடு தளத்தில் விழுந்தது. மேசையிலிருந்த இயந்திரம் எகிறி அறையின் மூலைக்கு உருண்டது. மெய்ரிக் காலுறையோடு படியேறி ஓடினான்.

லோரிக்குக் கீழேயிருந்தே எல்லாம் கேட்டது.

"முள்ளப் பாரு! எங்க நிக்குது பாரு! திசை ரெண்டு புள்ளி தள்ளி!"

"இப்பதான் ஐயா... இப்ப வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு. சத்தியமா."

"சத்தியமா? உன் சத்தியம்தான் ஊருக்கே தெரியுமே. எங்க கிடைச்சுது? மருந்துப் பெட்டியிலயா?"

"வாசனையே வராத சரக்கும் இருக்கு கேப்டன்" என்றது ஈமிரின் குரல்.

"இனிமே இந்தச் சக்கரத்துமேல உன் கை படக் கூடாது. போ முன்னால."

சக்கரம் பிடிக்கத் தகுதியில்லை என்று கேப்டன் சொல்லிவிட்டால், அந்த வயதில் ஒரு மாலுமிக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. சின்னப் பசங்களோடு சேர்ந்து தளம் தேய்த்தார், கயிறு இழுத்தார், மழையோ பனியோ பாய்மரம் ஏறினார். சக்கரத்தில் அவர் முறை ரோபட் என்கிற இளம் மாலுமிக்குப் போயிற்று. அவன் கேலிக்கு அளவில்லை. "என்னா பெரிசு, முள்ளு ரெண்டாத் தெரிஞ்சுதா? ரெண்டுல எதைப் பார்த்து ஓட்டினே?" தளமே சிரித்தது. ஒருநாள் படிக்கட்டின் பித்தளையைத் துடைக்க அவரைப் பின்பக்கம் அனுப்பியிருந்தார்கள். லோரி கதவை ஒட்டி நின்று, "மாமா" என்று மட்டும் கூப்பிட்டாள். அவர் நிமிரவில்லை.

"நேராத்தான் மகளே நின்னுச்சு. நான் பார்த்தேன். ஆனா படுத்தா எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணு போயிடுச்சோ என்னமோ. இல்ல, குடிச்சிட்டு மறந்துட்டனோ? அப்படியும் பண்ணியிருக்கேன் முன்னாடி." துணியைப் பிழிந்தார். "ஷான்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

 அவர் குடித்திருப்பார் என்று லோரியுமே உள்ளுக்குள் கொஞ்சம் நம்பித்தான் இருந்தாள். அதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

தென்மேற்குப் புயல் வந்தபோது மேல் பாயைச் சுருட்ட எல்லோரையும் ஏற்றினார்கள். பாயைத் தாங்குகிற குறுக்குத்தண்டும் அந்தக் கப்பலில் இரும்புக் குழாய்தான். மரத்தைப் போலக் கைக்கு ஒத்துழைக்காது, நனைந்தால் மீன் மாதிரி வழுக்கும். ஓரத்தில் இருந்தவர் கிட்டோ. பாய் ஒருமுறை உப்பி அடித்தது. அடுத்து ரோபட் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. அந்த அலையில் படகு இறக்குகிற பேச்சுக்கே இடமில்லை. மறுநாள் மெய்ரிக் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபம் வாசித்தான். ஆட்கள் கலையும்போது ஈமிர், "போதையில இருந்தவன மேல ஏத்தியிருக்கக் கூடாது, பாவம்" என்றான். அவன் அப்பா ஊர்ச் சபையில் மூப்பர். சத்தியத்தை மீறியவர்களின் பெயரைச் சபை நடுவே எழுந்து வாசித்து நீக்குவது அவர் வேலை. செத்தவன் என்பதற்காக அவர் வாசிக்காமல் விட்டதில்லை. பெண்டாட்டி முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

லோரி இயந்திரத்தைத் தொடாமலே இருந்தாள். பிறகு ஒரு காலை, மாலியின் கவுன் ஒரு கை இல்லாமல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தாள். மேலே ரோபட்டின் முறை. பாட்டு இல்லை. ஊசி துணியில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஈமிரின் கத்தல் கேட்டது.

"டேய், எங்கடா போற? கிழவன் ஆவி புகுந்துடுச்சா உனக்கு?"

"முள்ளு நேரா இருக்கு சார்! நீங்களே வந்து பாருங்க!"

லோரியின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. இதே வார்த்தை. மெல்ல நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அடிக்கண்ணாடிக்குள் திசைகாட்டியின் வட்டம் தெரிந்தது. சக்கரம் பிடிக்கப் போகும் எந்த மாலுமியும் இடுப்புக் கத்தியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவான். முள்ளருகே இரும்பு கூடாது. இந்தப் பயணத்துக்குக் கப்பலேறிய முதல் நாளே மெய்ரிக் அவள் இஸ்திரிப்பெட்டியைக்கூட முன்பக்கம் கொடுத்துவிடச் சொன்னவன். சுற்றிலும் யாரும் எதையும் வைக்கவிடாமல் காவல் காத்தார்கள். கீழே இருக்கிற வீட்டை யாரும் நினைக்கவில்லை. அவள் இயந்திரத்தைத் தூக்கினாள். வட்டம் நடுங்கி, மெதுவாக, பெருமூச்சு விட்டதுபோல, ஒரு பக்கமாகச் சுழன்றது.

"அம்மாடி, தானாத் திரும்புது சார்!" என்றான் மேலே ரோபட்.

மெய்ரிக் எழுந்ததும் அவள் அவனைச் சாய்மெத்தையில் உட்காரச் சொல்லி, மேலே பார்க்கச் சொல்லி, இயந்திரத்தை மேசையில் வைத்தாள்.

"எடு" என்றான். எடுத்தாள். "மறுபடி வை." வைத்தாள். அவன் முகம் தேய்ந்துகொண்டே போயிற்று.

"உனக்குத் தெரியாது லோரி."

"உங்களுக்கும் தெரியாது. எனக்கு அவர் பாட்டு வேணும்னு இருந்துச்சு. அவர் முறையாப் பார்த்துப் பார்த்து உக்காந்தேன்."

அவன், "ஃபால்மவுத் துறைமுகம் போய்ச் சேரட்டும். ஷானுக்கு ஒரு குறை வராமப் பார்த்துக்கறேன்" என்றான்.

"குறை வராதா? அவர் பேரை நடுச்சபையில வாசிப்பாங்க."

"ஈமிர்கிட்ட நான் பேசறேன்."

"ஆட்கள்கிட்ட? இவங்கதான ஊருக்குப் போய்க் கதை சொல்லப் போறவங்க? குடிச்சிட்டு விழுந்தான்னு."

"இது நீராவிக் கப்பல் இல்ல லோரி, எஞ்சின் இழுத்துட்டுப் போறதுக்கு. நான் ஏறுன்னா அவங்க ஏறணும். அதுக்கு அவங்க என் வாயை நம்பணும்; கிட்டோ விஷயத்துல நான் தப்புன்னு தெரிஞ்சா நம்புவாங்களா? முன்னால பூரா பாறை. இந்தக் காத்துல ஒருத்தன் ஒரு நொடி யோசிச்சு நின்னாப் போதும், எல்லாருக்கும் ஜெபம் வாசிக்க ஆள் இருக்காது." குரல் தணிந்தது. "அப்புறம், உன்னை என்ன சொல்லுவாங்கன்னு நினைச்சுப் பார்த்தியா?"

அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. இருபது வருஷம் கடலில் கிடந்து சம்பாதித்த வார்த்தை அது. அவன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, அவள் தலையில் ஒருமுறை கைவைத்தான்.  பிறகு மேலே போய்விட்டான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம், மெய்ரிக் கடல்வரைபடத்தின்மேல் குனிந்திருந்தபோது, லோரி அவனுடைய எண்ணெய்த்துணி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நடுப் பாய்மரம்வரைதான் கேப்டன் வீட்டம்மாவின் எல்லை. அதைத் தாண்டியபோது சமையல்காரன் கரண்டியோடு வாயைப் பிளந்து நின்றான். தளத்தில் முழங்காலளவு தண்ணீர் புரண்டது. கம்பியைப் பற்றிப் பற்றி முன்பக்க அறைக்கு வந்து, உயர்ந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே இறங்கினாள். புகையிலையும் ஈரக் கம்பளியும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஓய்வு முறையில் இருந்த ஆட்கள் பதறி எழுந்து, தலை இடிக்க நின்றார்கள்.

"அம்மா, இங்க எல்லாம் நீங்க..." என்றான் ரோபட். "கேப்டனுக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. பெட்டிகளெல்லாம் நனைந்து கிடந்தன. அவளை எங்கே உட்காரவைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரே ஒரு கீழ்ப்படுக்கை காய்ந்து, மெத்தையில்லாமல், வெறும் பலகையாக இருந்தது. ரோபட் தன் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டான். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. உட்கார்ந்தாள்.

"கிட்டோ மாமா குடிக்கல" என்றாள்.

சொல்லத் தொடங்கியபின் வார்த்தை நிற்கவில்லை. மேசை, கண்ணாடி, முள், அவர் பாடியது, தான் சுழற்றியது எல்லாவற்றையும் சொன்னாள்.  முடித்தபோது ரோபட் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேப்டனுக்குத் தெரியுமா, அம்மா?"

லோரி கோட்டின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். "தெரியும்" என்றாள்.

பின்தளத்தில் முறை மாற்றும் மணி அடித்தது. சக்கரத்துக்குப் போக வேண்டியவன் ரோபட். அவன் அசையவில்லை. யாருமே அசையவில்லை. கப்பல் சாய்ந்தது, வாசலில் புகுந்த தண்ணீர் ஒரு தகரக் குவளையை இழுத்துக்கொண்டு அந்த ஓரத்துக்கு ஓடி, அங்கே மோதி, எல்லோருடைய கால்களையும் நனைத்தபடி இந்த ஓரத்துக்குத் திரும்பியது. ஈமிரின் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. "சக்கரத்துக்கு யாரு? டேய், யாரு வர்றது சக்கரத்துக்கு?" மணி இன்னொரு முறை அடித்தது.