எண் இல்லாத குழல்

1986ஆம் ஆண்டு நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். விடியலில் தொடங்கிய தூறல் நிற்கவுமில்லை, மழையாக வலுக்கவுமில்லை. திருவண்ணாமலை சாலையில், துப்பாக்கி பழுதுபார்க்கும் தம் கடையைக் கௌஸ் பாஷா அப்போதுதான் திறந்திருந்தார். ஜெயராமன் சாக்கில் சுற்றிய ஓர் இரும்புத் தண்டோடு உள்ளே வந்தான்.

ஜெயராமன் சிங்கவரத்துக்காரன். செஞ்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருந்தான். கௌஸ் பாஷாவின் மனைவி இறந்து, மகள் முன்னி வேலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, அவரிடம் தொழில் தவிர்த்த பேச்சைப் பேசுகிறவன் ஜெயராமன் ஒருவன்தான். மாலை நான்கு மணிக்கு இரண்டு டீயோடு வருவது அவன் வழக்கம். காலையில் வந்தது அன்றுதான் முதல் தடவை.

“இத இன்னா இரும்புன்னு பாரு பாய். பழைய இரும்புக் கடையில எடுத்தேன். மல்லாக்கொட்டை உடைக்கிற மிஷினுக்கு ஷாப்டா போடலாம்னு லேத்துல ஏத்தினா, டூலு மொக்கையாவுது.”

“உன் டூலு மொக்கையாவறதுக்கு இரும்பு வேற வேணுமா?”

தண்டு இரண்டடி மூன்று அங்குலம் இருந்தது. நடுவே சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை. கௌஸ் பாஷா அதை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உட்சுவரில் கோடுகள் நேராக ஓடாமல் முறுக்கிக்கொண்டு போயின. ஓர் ஈயத்துண்டில் எண்ணெய் தடவித் துளையில் வைத்து, மரக்குச்சியால் மறுமுனைவரை தள்ளினார். வெளிவந்த ஈயத்தின் மேல் ஆறு வரிகள் சாய்வாகப் பதிந்திருந்தன. தோட்டா அமரும் அறை குடையப்படவில்லை, மரை வெட்டப்படவில்லை, எண்ணோ முத்திரையோ எங்கும் இல்லை.

“ரைஃபிள் பேரலுக்குச் செஞ்சது இது. பாதியில உட்டிருக்கான். இப்படியே வெச்சு இதால ஒரு காக்காவக்கூடச் சுட முடியாது.”

“அப்பறம் இன்னா? அறுத்து மிஷின்ல போட்டுடறேன்.”

“மேசைக்கு வந்தத எழுதணும் ஜெயராமா.”

“பைப்புன்னு எழுதிக்கோ.”

“பைப்பு இல்லியே.”

ஜெயராமன் சிரித்தான். “உன்கிட்ட முன்னி எப்படித்தான் வளந்துச்சோ. எழுது, எழுது. இனிஷியல உட்டுடாத.”

அச்சிட்ட பதிவேட்டில், பொருள் வந்த காரணத்துக்கு இரண்டு கட்டங்களே இருந்தன: விற்பனைக்கு, பழுதுக்கு. இன்னதென்று கேட்க வந்தவனுக்குக் கட்டம் இல்லை. கௌஸ் பாஷா விற்பனையை அடித்தார். மற்றது அடிபடாமல் நின்றது. ஆகவே பதிவு இவ்வாறு அமைந்தது: எண் இல்லாத ரைஃபிள் குழல், முடிவுறாதது; கொண்டுவந்தவர் சி. ஜெயராமன், லேத்து உரிமையாளர், பழுதுக்கு. ஓரத்தில் ஒரு வரி எழுத இடம் இருந்தது. பதிவேட்டின் ஓரத்தில் அவர் ஒருபோதும் எழுதியதில்லை.

மாதக் கடைசியில் உரிமத் தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார்கள்: லேத்துக்காரன் ஒருவன் துப்பாக்கிக் குழல் செய்து, சரிபார்க்கக் கொண்டுவந்திருக்கிறான். கடையிலேயே இருந்த குழலைக் கைப்பற்றினார்கள். லேத்துக்கு முத்திரை வைத்தார்கள். ஜெயராமனை இரண்டு நாள் வரவழைத்து விசாரித்து அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்தான். படியேறவில்லை.

“கேக்க வந்தான்னு நாலு வார்த்த சேத்து எழுதியிருக்கலாமே பாய்.”

“கட்டம் இல்ல.”

 ஜெயராமன் திரும்பிப் போய்விட்டான். அனந்தபுரத்தில் வேறொருவரின் லேத்தில் கூலிக்குச் சேர்ந்துவிட்டதாகப் பின்னர் தெரியவந்தது.

அவன் வந்துபோன மறுநாள் நான்கு மணிக்குக் கௌஸ் பாஷா தாமே டீக்கடைக்குப் போனார். “ரெண்டா பாய்?” என்றார் கடைக்காரர் கன்னியப்பன். “ஒண்ணு.” அதற்கடுத்த நாள் கன்னியப்பன் கேட்கவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு கௌஸ் பாஷா அங்கே போவதையும் நிறுத்திக்கொண்டார்.

அவர் எட்டுப் பக்கத்தில் ஒரு மனு எழுதினார். தண்டு எது, அதனால் எது இயலாது என்பதை விளக்கி, இறுதியில் அதன் பயனையும் குறித்தார்: அலுவலர் முன்னிலையில் அறுத்து, நிலக்கடலை உடைக்கும் இயந்திரத்தில் பொருத்த அனுமதிக்கலாம், எஃகு அதற்குத் தகுதியானது. வாக்கியங்கள் சரியாக நிற்கின்றனவா என்று அறிய, கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் உரக்கப் படித்தார். அந்த மாதத்தில் அக்கடையில் தொடர்ந்து கேட்ட பேச்சு அதுதான்.

மனு என்ன ஆயிற்று என்று கேட்க, ஆயுத உரிமங்களைக் கவனிக்கும் திண்டிவனம் அலுவலகத்துக்கு நான்காம் முறை போனபோது, எழுத்தர் தாண்டவராயன் கோப்பைப் பிரித்தார்.

“துப்பாக்கிக் கடைக்காரரே துப்பாக்கி இல்லன்னு எழுதித் தர்ற மொத கேஸு இது. சரி, பதிவேட்டுல எழுதினது யாரு?”

“நான்தான்.”

“பதிவேடு, மனு ரெண்டுல ஒண்ணு தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தாதான் ஃபைலு நகரும். பதிவு தப்புன்னா உங்க லைசென்ஸ நிறுத்துவாங்க. போயி டீ குடிச்சிட்டு யோசிச்சு வாங்க பாய்.”

“ஒரு வெள்ளத்தாள் குடுங்க.”

இருபத்தாறு ஆண்டுப் பதிவேடுகளில் அவர் பிழையென்று ஒப்பிய பதிவு ஒன்றுகூட இல்லை. நின்றபடியே எழுதினார்: ‘பழுதுக்கு என்று பதிந்தது பிழை. ஜெயராமன் அப்பொருள் இன்னதென்று கேட்கவே வந்தார். பிழை என்னுடையது.’ தேதியிட்டுக் கையெழுத்திட்டார்.

1987 மார்ச் 19 அன்று இரண்டு ஆணைகள் வெளியாயின. முதலாவது: தண்டை அறுத்து இயந்திரத்தில் பயன்படுத்தலாம்; லேத்தின் முத்திரை அகற்றப்படும். இரண்டாவது: கௌஸ் பாஷாவின் உரிமம் ஓராண்டுக்கு நிறுத்தப்படுகிறது. “தபால்ல போட்டா ஒரு வாரம் ஆவும். அவருடையத நீங்களே குடுத்துடுங்க” என்றார் தாண்டவராயன்.

அனந்தபுரத்தில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. ஜெயராமன் அவரைப் பார்த்தான், இயந்திரத்தை நிறுத்தவில்லை. கடைசல் முடியும்வரை கௌஸ் பாஷா வாசலிலேயே நின்றார்.

“இன்னா பாய்.”

“ஆர்டர் வந்துடுச்சு. லேத்தத் தொறந்துக்கலாம். அந்தத் தண்டும் உனக்குத்தான்.”

ஜெயராமன் கைகளைக் கழிவுத்துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“உனக்கு இன்னா போட்டான்?”

இரண்டாம் ஆணை நான்காக மடிந்து அவர் ஜிப்பாப் பையில் கிடந்தது.

“ஒண்ணும் இல்ல.”

“கடை?”

“நடக்குது.”

“கை எல்லாம் ஆயில் பாய். கறை ஆயிடும்.”

“ஆவட்டும்” என்றார் கௌஸ் பாஷா. அலுவலரின் கையெழுத்து இருந்த பக்கம் மேலே தெரியுமாறு ஜெயராமனுக்கான ஆணையைப் பிரித்து, அவன் கையில் கொடுத்தார்.