கேட்காமல் விட்ட ரத்தம்

படாரென்று கதவு சுவரில் மோதியது. நர்ஸ் மப்ரூக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் வஸீலா. தலைத்துணி தோளில் கிடந்தது; காலில் வீட்டுச் செருப்பு. ஸ்ஃபாக்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைக்காரர் வீட்டு மருமகள் இந்தக் கோலத்தில் தெருவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, வரிசை இருக்கு..."

"வரிசையா? என் புள்ள ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கிடக்கான். நகரு!"

டாக்டர் ஷாதிலி எழுந்து நின்றார். பால்வினை நோய்களுக்கு அந்த வட்டாரத்தில் அவர்தான் பெரிய பெயர். வஸீலாவின் கணவன் ரிதாவோடு தினமும் காபி குடிப்பவர்.

"உக்காருங்க தங்கச்சி. இல்யாஸுக்கு என்ன?"

"எச்.ஐ.வி. எட்டு மாசக் குழந்தைக்கு எப்படி வரும்னு கேட்டேன். தாய்கிட்டேருந்துன்னாங்க. எனக்கும் பார்த்தாங்க. இருக்கு."



போன வருடம் இதே அறைக்கு அவள் வயிற்றுப்பிள்ளையோடு வந்திருந்தாள். தனியாக அல்ல. தொலைதூர அபிஜான் நகரிலிருந்து பிழைக்க வந்து அவள் வீட்டில் வேலை செய்யும் அஃபுவே என்ற பெண்ணைக் கையோடு இழுத்து வந்திருந்தாள். "குழந்தை பொறக்கப்போற வீடு டாக்டர். இவளுக்கு எச்.ஐ.வி. உள்பட எல்லா டெஸ்டும் பண்ணிடுங்க" என்றாள். அஃபுவேயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மப்ரூக்கா அவள் சட்டைக் கையைச் சுருட்டி ரத்தம் எடுத்தாள். ஒன்றுமில்லை என்ற முடிவைக்கூட டாக்டர் அவளிடம் சொல்லாமல் எஜமானியிடம்தான் சொன்னார்.

அன்று அஃபுவே வெளியே போனபின், வஸீலா குரலைத் தாழ்த்தித் தனக்கு மறைவிடத்தில் புண் இருப்பதாகச் சொன்னாள். டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கர்ப்பத்துல இதெல்லாம் சகஜம் தங்கச்சி" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். மறுபடி வந்தாள். மறுபடியும் களிம்பு. டயர் வியாபாரத்துக்காக ரிதா லிபியாவில் வாரக்கணக்கில் தங்குவது டாக்டருக்குத் தெரியாததல்ல. ஆனால் ரத்தம் கொடு என்று அவளிடம் சொன்னால், அவள் புருஷனின் நடத்தையைக் கேள்வி கேட்டதாகிவிடும் அல்லவா?

"ஏன் என்கிட்ட கேக்கல?" என்றாள் வஸீலா.

"எப்படிம்மா கேக்கறது? உங்க குடும்பம் எப்பேர்ப்பட்டது... அப்புறம் ரிதா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அவரு மூஞ்சியா? நான்தான் கொண்டுவந்தேன்னு ஆஸ்பத்திரி பூரா கத்திக்கிட்டிருக்காரு அந்த மூஞ்சியோட. நீங்களும் ரத்தம் குடுங்கன்னா மாட்டாராம். கௌரவம் போயிடுமாம்!"

வஸீலா மேசையை நெருங்கினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"மாத்திரை ஆரம்பிச்சிருப்போம். குழந்தைக்குப் போகாம... பெரும்பாலும் தடுத்திருக்கலாம்."

அதுவரை நின்றுகொண்டிருந்த வஸீலா அப்போதுதான் உட்கார்ந்தாள். அழவில்லை. "மாத்திரை சாப்பிட்டா நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் இருக்கலாமாம். அங்க இருக்கற டாக்டரம்மா சொல்லிச்சு. ஆனா அவன் தினம் முழுங்கணும். பேச்சே வராத புள்ள, வாழ்நாள் பூரா." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கள மட்டும் சொல்லி என்ன? அஃபுவே கையில குத்துங்கன்னு இதே வாயாலதான சொன்னேன். என் கையை நீட்டணும்னு எனக்கே தோணல."

சத்தம் கேட்டு வாசல் திரையை விலக்கிக்கொண்டு அடுத்த நோயாளி எட்டிப் பார்த்தாள். நீதிபதியின் மனைவி ஸல்வா; பட்டுத் தலைத்துணி, வாசனை.

"டாக்டர், என் முறை எப்பவோ வந்தாச்சு. போன தடவை குடுத்தீங்களே, அதே களிம்பு எழுதிக் குடுத்தா போதும்."

"வாங்க தங்க..." பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டார் டாக்டர். அது தாளைத் தொடவில்லை. மேசைமேல் போட்டார்.

"களிம்பு அப்புறம். முதல்ல எச்.ஐ.வி.க்கு ரத்தம் பார்க்கணும். மப்ரூக்கா, நீயும் கேட்டுக்கோ. இந்த வைத்தியத்துக்கு இங்க யார் வந்தாலும், ரத்த அழுத்தம் பார்க்கற மாதிரி இதையும் பார்க்கணும். வேலைக்காரி, நீதிபதி வீடு, எல்லாரும் ஒண்ணுதான். எதுக்குன்னு சொல்லணும். வேண்டாம்னா விட்டுடலாம். முடிவை அவங்க கையிலதான் குடுக்கணும். ஆனா வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்காம விடக்கூடாது. நான் மரியாதைன்னு நினைச்சது ஒரு குழந்தையைக் கெடுத்துடுச்சு."

ஸல்வாவின் முகம் சிவந்தது. "என்ன டாக்டர் பேசறீங்க? என்னைப் பார்த்தா அப்படிப்பட்டவளாவா தெரியுது?"

நாற்காலியில் இருந்த வஸீலா தலையை நிமிர்த்தினாள்.

"உன்னைப் பார்த்தா ஒண்ணும் தெரியலம்மா. என்னைப் பார்த்தும் இவருக்கு ஒண்ணும் தெரியல."